நாற்பத்தேழாம் நம்பரின் போல்ட்

22 ஜனவரி 2003, புதன்

சிமெண்ட் கடைக்காரர் கொடுத்த டைரி மூன்று வாரமாகச் சும்மா கிடந்தது. இன்றைக்கு எடுத்ததற்குக் காரணம் கோபம். ஆயுதப்படையில் ஏட்டு கோபப்படுவதற்கு இடம் கிடையாது. காகிதத்தில்தான் பட வேண்டும்.

நான் ஆவுடையப்பன். மாவட்ட ஆயுதப்படையின் ஆயுத அறையில் பத்தொன்பது வருடமாக ஆர்மரர். துப்பாக்கிகளுக்கு வைத்தியன் என்று வைத்துக்கொள்ளலாம். ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது.

இன்று ஆர்.ஐ. வேங்கடகிருஷ்ணன் கூப்பிட்டார். எங்கள் படைக்குப் பெரிய இன்ஸ்பெக்டர் அவர்தான். "குடியரசு தினத்துக்கு அறுபது ரைஃபிள் பளபளன்னு இருக்கணும்யா. எஸ்.பி. பார்த்தா அவர் மூஞ்சி அதுல தெரியணும்" என்றார். துப்பாக்கி என்ன முகம் பார்க்கிற கண்ணாடியா? ஒழுங்காக எண்ணெய் போட்ட த்ரீ நாட் த்ரீ மங்கலாகத்தான் இருக்கும். இதைச் சொன்னால் எதிர்த்துப் பேசுகிறாய் என்பார்.

வீட்டில் என் மனைவி உலகம்மாள் தன் பங்குக்கு ஆரம்பித்தாள். நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு, "கோட்ட விட்டு எழுத்து எங்கயோ ஓடுது. ஒரு கண்ணாடி போட்டா என்ன, தலைல உள்ள கிரீடம் கழண்டு விழுந்துருமா?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும். கண்ணாடி போட்ட ஆர்மரரை மருத்துவக் குழுவுக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து நேரே கேன்டீனில் தக்காளி எண்ண அனுப்புவார்கள். என் விரலுக்குக் கண் உண்டு என்று சொல்லிவிட்டேன்.

24 ஜனவரி, வெள்ளி

இப்படியும் ஒரு நாள்.

நாளை மறுநாள் அணிவகுப்பு. இன்று மாலையே எஸ்.பி. ஒத்திகை பார்க்க வருகிறார் என்று காலை பத்து மணிக்குச் சொல்கிறார்கள். அறுபது துப்பாக்கி. முறை என்பது ஒன்று ஒன்றாகச் செய்வது: தோட்டாவைப் பின்னாலிருந்து பூட்டுகிற போல்ட்டைக் கழற்று, துடை, அதே துப்பாக்கியில் மாட்டு, அடுத்ததை எடு. கடைசியில் தோட்டா உட்காரும் சேம்பரில் கேஜ் என்கிற அளவுத் துண்டைப் போட்டு, போல்ட் சரியாகப் பூட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு துப்பாக்கிக்கு அரை மணி நேரம். இதை ஆர்.ஐ.யிடம் சொன்னேன். "உன் முறையை நீயே வச்சுக்கோ. எனக்கு அஞ்சு மணிக்கு வேணும்" என்றார்.

வேறு வழி? இருபது இருபதாகப் போல்ட்டைக் கழற்றி, பெரிய தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி மொத்தமாக ஊறப் போட்டேன். ஒவ்வொரு போல்ட்டின் கைப்பிடி அடியிலும் நம்பர் அடித்திருக்கும். துப்பாக்கி உடம்பிலும் அதே நம்பர் இருக்கும். மாறினால் இறுகப் பூட்டாது. கட்டைவிரலால் தடவினாலே எனக்குத் தெரியும். நாலே முக்காலுக்கு முடித்தேன். வேறு எந்த மாவட்டத்து ஆர்மரராவது முடித்துக் காட்டட்டும்.

கேஜ் போட நேரம் இல்லை. பதிவேட்டில் 'நம்பர் பார்த்துப் பொருத்தி, சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வருடா வருடம் அப்படித்தான் எழுதுகிறேன்.

துப்பாக்கி வாங்க வந்த காவலர் பிள்ளைகளில் ஜெபக்கனி என்று ஒரு பெண். மரக்கட்டையில் 47 என்று வெள்ளை பெயிண்டில் எழுதிய துப்பாக்கி அதனுடையது. வாங்கியதும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏட்டையா, போல்ட்டுல நம்பர் வேற மாரி இருக்கே" என்றது. அதற்குப் பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். "ரெண்டு வருசம் சர்வீஸ் இல்ல, எனக்கே பாடமா? போ பிள்ள, போ" என்று விரட்டினேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரியவன் சின்னவன் கிடையாது.

26 ஜனவரி, ஞாயிறு

அணிவகுப்பு நன்றாக நடந்தது. எஸ்.பி. துப்பாக்கிகளைப் பார்க்கவே இல்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

கொல்லைக் குழாயில் வாஷர் மாற்றினேன். திருகு கீழே விழுந்து கால் மணி நேரம் தேடினேன். உலகம்மாள் வந்து என் காலடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது திட்டியிருப்பேன்.

11 பிப்ரவரி, செவ்வாய்

மலையடிவாரத்தில் வருடாந்திரத் துப்பாக்கிப் பயிற்சி. பெண் காவலர்கள் பத்துப் பேர் குப்புறப் படுத்துச் சுட்டார்கள். மூன்றாவது தோட்டாவில் ஒரு சத்தம் மட்டும் வேறு மாதிரி கேட்டது. வெடித்த சத்தம் இல்லை, எதுவோ கிழிந்த சத்தம். பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை.

ஜெபக்கனி எழுந்து உட்கார்ந்திருந்தது. வலது கண்ணைப் பொத்திய கைவிரல் இடுக்கில் ரத்தம் வழிந்தது. அந்த நிலையிலும் குழாய்முனையை இலக்கின் பக்கமே வைத்து, போல்ட்டைத் திறந்து, துப்பாக்கியைத் தரையில் ஒழுங்காகக் கிடத்திவிட்டுத்தான் கண்ணைப் பொத்தியிருக்கிறது. பக்கத்தில் படுத்திருந்த பூங்கோதை சொன்னது. நான் ஓடிப்போய்த் தூக்கியபோது, "ஏட்டையா, துப்பாக்கி சேஃபா இருக்கு" என்றது.

தோட்டாக் கூட்டின் அடிப்பாகம் அறுந்து, புகையும் பித்தளைத் தூளும் பின்பக்கமாக வந்திருக்கிறது. மதுரைக்கு ஜீப்பில் கொண்டுபோனார்கள். ஆம்புலன்ஸ் வரவில்லை. துப்பாக்கிப் பயிற்சிக்கு ஆம்புலன்ஸ் நிறுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. விதி யாருக்கு?

12 பிப்ரவரி, புதன்

நாற்பத்தேழைச் சாக்கில் சுற்றி அரக்கு முத்திரை வைத்தார்கள். முத்திரை வைக்கும் முன் ஆர்.ஐ. நம்பர்களை உரக்கப் படித்தார். உடம்பில் 6083. போல்ட்டில் 6088. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். 6088 என்பது ஐம்பத்திரண்டாம் துப்பாக்கியின் நம்பர். இரண்டும் ஒரே பெட்டியில் வந்தவை.

துப்பாக்கியின் வரலாற்றுத் தாளை எழுதிக் கொண்டுவா என்றார். ரவுடிக்கும் ஹிஸ்டரி ஷீட், ரைஃபிளுக்கும் ஹிஸ்டரி ஷீட். எழுதுகிறேன். ஆனால் அவர்கள் கேட்கிற கட்டத்தில் அடங்காத வரலாறு இது. அதை இங்கே எழுதுகிறேன்.

போல்ட் என்பது கதவுத் தாழ்ப்பாள்தான். தள்ளு, திருப்பு, பூட்டிக்கொள்ளும். அப்படி ஒரு துப்பாக்கியை முதன்முதலில் ஒரு ராணுவத்துக்கே செய்து கொடுத்தவர் பிரஷ்யாவில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன். அவருக்குத் தாழ்ப்பாள் தெரிந்திருந்ததில் ஆச்சரியம் இல்லை. பின்னால் லீ என்பவர் அடியில் தோட்டாப் பெட்டி வைத்தார். 1888-இல் வெள்ளைச் சிப்பாய்க்கு லீ மெட்ஃபோர்டு கிடைத்தது. அப்போது நம் சிப்பாயின் கையில் என்ன இருந்தது? ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடுகிற மார்ட்டினி. 1857-க்குப் பிறகு அவர்கள் வைத்த வழக்கம் அது. நல்லதைத் தாங்கள் வைத்துக்கொண்டு, கழித்ததை நம்மிடம் தள்ளுவது. நாம் திருப்பிச் சுட்டுவிடுவோம் என்ற பயம். லீ மெட்ஃபோர்டு லீ என்ஃபீல்டு ஆகி, அது நம் ஆளுக்கு வந்து சேர அந்த நூற்றாண்டே முடிந்தது.

நாற்பத்தேழின் கழுத்தில் கிரீடமும் 1917 என்ற வருடமும் இருக்கின்றன. எந்த நாட்டு மண்ணிலோ எவனோ சுட்டுவிட்டுப் போட்டது. கட்டையின் உள்பக்கம் கத்தியால் மூன்று கோடு கீறியிருக்கிறான். எண்பத்தாறு வயதுத் துப்பாக்கி. வெள்ளைக்காரன் போய் ஐம்பத்தைந்து வருடம் ஆகிறது. சிறப்புக் காவல் பட்டாலியனுக்குப் புதுசு, எங்களுக்குக் கழிவு. அதே வழக்கம் அப்படியே இருக்கிறது, கொடுக்கிற கைதான் வேறு. இருபத்துநாலு வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேராக இதை வைத்துச் சுடச் சொன்னவர்களை யார் விசாரிப்பது?

இதை எழுதியதும் மனது கொஞ்சம் ஆறியது.

15 பிப்ரவரி, சனி

வலது கண் போய்விட்டதாம்.

17 பிப்ரவரி, திங்கள்

ஜெபக்கனிக்குச் சார்ஜ் மெமோ. ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கையெழுத்து வாங்கி வந்திருக்கிறார்கள். காவல் டியூட்டியில் அறைத்தோழி பூங்கோதையோடு சேர்ந்து துப்பாக்கி துடைத்தபோது போல்ட்டை அஜாக்கிரதையாக மாற்றி மாட்டியது என்று குற்றம். ஐம்பத்திரண்டு பூங்கோதை பேரில் இருப்பது அவர்களுக்கு வசதியாகிவிட்டது. நிரூபணம் ஆனால் வேலை போகும். விபத்து என்று முடிந்தால்தான் ஒற்றைக் கண்ணோடு அலுவலகத்தில் ஒரு நாற்காலியாவது கிடைக்கும். அப்பன் இல்லாத வீடு. ஆத்தா பனங்காட்டில் கருப்பட்டி காய்ச்சுகிறவள்.

ஆர்.ஐ. அறையில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"இருபத்திநாலாம் தேதி நம்பர் பார்த்து மாட்டினதா பதிவேட்டுல இருக்கில்ல?"

"இருக்கு ஐயா."

"யார் கையெழுத்து?"

"என்னோடது ஐயா."

"அப்ப நீ சுத்தம். நீ சுத்தம்னா நானும் சுத்தம். போய் வேலையைப் பாரு."

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. அவசரப்படுத்தியது யார்? அரை மணி வேலையை ஏழு நிமிடத்தில் முடிக்கச் சொன்னது யார்? இப்போது ஒரு பெண்பிள்ளை தலையில் கட்டுகிறார்கள். இந்த அநியாயத்தைக் கேட்க ஆள் இல்லை. நான் சல்யூட் அடித்துவிட்டு வந்தேன்.

20 பிப்ரவரி, வியாழன்

ஐம்பத்திரண்டைக் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்று ஆயுத அறைக்குப் போனேன். போல்ட்டை வெளியே எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தேன். மேகமூட்டம். நம்பர் தெரியவில்லை. பாரா நின்ற காவலரைப் படிக்கச் சொல்லலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று திருப்பி வைத்தேன்.

விரலால் தடவினேன். மூன்றும் எட்டும் விரலுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

அப்படித்தான் அடித்து வைத்திருக்கிறார்கள்.

3 மார்ச், திங்கள்

விசாரணை. பக்கத்து மாவட்டத்திலிருந்து டி.எஸ்.பி. காஜா மைதீன் வந்திருந்தார். சத்தம் போடாத மனிதர். எனக்குச் சத்தம் போடாதவர்களைக் கண்டால்தான் எரிச்சல். எதிரே ஆர்.ஐ. உட்கார்ந்திருந்தார்.

டி.எஸ்.பி. கேட்டார்: "இருபத்தி நாலாம் தேதி துப்பாக்கி வாங்கறப்பவே நம்பர் வேறயா இருக்குன்னு உங்ககிட்ட சொன்னதா ஜெபக்கனி வாக்குமூலம் குடுத்திருக்கு. சொல்லிச்சா?"

"இல்ல ஐயா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அறுபது பேர் வந்தாங்க ஐயா. அப்படி யாரும் சொன்னதா ஞாபகம் இல்ல."

ஞாபகம் இல்லாததை எப்படி ஆமாம் என்பது? மனிதன் என்றால் மறப்பான்.

அவர் நாற்பத்தேழிலிருந்து கழற்றிய போல்ட்டை என் கையில் கொடுத்து, "இதுல உள்ள நம்பரைப் படிங்க" என்றார். வெளிச்சம் போதவில்லை என்றேன். காலை பதினோரு மணி. ஆர்.ஐ. சட்டென்று என் கையிலிருந்து வாங்கிப் படித்துவிட்டார். டி.எஸ்.பி. அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "சரி, போங்க. முடிவு பண்ண இன்னும் ஒரு வாரம் இருக்கு. வேற ஏதாவது சொல்லணும்னா திங்கக்கிழமைக்குள்ள வாங்க" என்றார்.

எனக்குக் கண் பரிசோதனை வைக்க இவர் என்ன டாக்டரா? துப்பாக்கியை விட்டுவிட்டு ஆர்மரரைப் பிடிக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கும் நன்றி கிடையாது. ரத்தத்தோடு தூக்கி ஜீப்பில் ஏற்றியது நான். என் பெயரையே வாக்குமூலத்தில் இழுத்திருக்கிறது.

5 மார்ச், புதன்

ஜெபக்கனி வந்திருந்தது. குடியிருப்பு அறையைக் காலி செய்ய வேண்டுமாம். முடிவு வருவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வலது கண்ணில் வெள்ளைப் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. தகரப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஆயுத அறை வாசலில் நின்றது. பூங்கோதை தள்ளி நின்றது.

அதன் கண்ணில் படாமல் அந்தப் பக்கமாக நடந்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

"வலி இருக்கா பிள்ள?"

"மாத்திர போட்டா இல்ல ஏட்டையா."

பிறகு அதுவே கேட்டது.

"நான் கேட்டேம்லா ஏட்டையா? நம்பர் வேற மாரி இருக்குன்னு. நீங்க போன்னு சொன்னீங்க. அத மட்டும் சொல்லிருக்கலாம்லா. வேற ஒண்ணும் சொல்லாண்டாம்."

"எனக்கு அது ஞாபகத்துல இல்ல பிள்ள."

"சரி."

பெட்டியை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டது.

"எனக்கு ஞாபகம் இருக்கு. அறுபது எம்பத்தெட்டு. ஒடம்புல அறுபது எம்பத்துமூணு. சண்ட போட வரல ஏட்டையா. நான் இனும ஒத்தக் கண்ண வச்சு எல்லாத்தயும் வாசிச்சுக்கிடுவேன். ஒங்களுக்கு ரெண்டும் இருக்கு."

போய்விட்டது. பஸ் நிறுத்தம் வரைக்கும் யாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. நானும் போகவில்லை.

என்ன திமிர். என்னிடம் இப்படிப் பேசிய காவலர் இதுவரை கிடையாது.

6 மார்ச், வியாழன்

சாப்பாடு இறங்கவில்லை. ரசம் புளிப்பு என்று உலகம்மாளிடம் எரிந்து விழுந்தேன். புளிப்பு இல்லை என்று எனக்கும் தெரியும்.

8 மார்ச், சனி

உலகம்மாள் என்னிடம் கேட்கவில்லை. சட்டையை எடுத்துக் கையில் கொடுத்து, "கெளம்புங்க" என்றாள். கடைவீதியில் கண்ணாடிக் கடை. ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறாள் போல. எழுத்துப் பலகையைத் தூக்கிக் கையில் கொடுத்தார்கள். நாலாவது வரிக்குக் கீழே எறும்பு ஊர்ந்தது. கண்ணாடி போட்டதும் எறும்பெல்லாம் எழுத்தாக நின்றது.

கடைக்காரர், "இத்தன நாள் எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று கேட்டார். உலகம்மாள் சொன்னாள்: "சமாளிக்கல."

9 மார்ச், ஞாயிறு

காலையில் ஆயுத அறையைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் கேட்க மாட்டார்கள். ஐம்பத்திரண்டை எடுத்தேன். கண்ணாடி போட்டுப் பார்த்தேன். 6083. நாற்பத்தேழின் போல்ட், அடுத்தவள் துப்பாக்கியில், நான் மாட்டிய இடத்திலேயே இருந்தது.

அதோடு நிற்கவில்லை. மீதி எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்தேன். இருபத்தொன்பதும் முப்பத்தைந்தும்கூட மாறிக் கிடந்தன. அவற்றை இன்னும் யாரும் சுடவில்லை. நாலு போல்ட். ஒரு வருடம் கழித்து நான் மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். ஏதோ ஒரு பிள்ளை அவற்றைச் சுட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். எழுதியதைத் திரும்பப் படிப்பது இதுதான் முதல் தடவை. இதுவரை என் எழுத்தே எனக்குத் தெரியாது.

எத்தனை பேர் மேல் கோபப்பட்டிருக்கிறேன். ஆர்.ஐ., எஸ்.பி., வெள்ளைக்காரன், டி.எஸ்.பி., உலகம்மாள் வைத்த ரசம். ஒன்றும் பொய் இல்லை. அவசரப்படுத்தியது ஆர்.ஐ.தான், அதையும் சொல்லத்தான் போகிறேன். எண்பத்தாறு வருடத் துப்பாக்கியைக் கொடுத்ததும் அநியாயம்தான். ஆனால் எண்பத்தாறு வருடமாக அந்தத் துப்பாக்கி யார் முகத்தையும் கிழிக்கவில்லை. அதன் போல்ட் அதனிடம் இருந்தவரை. தட்டு என்னுடையது. மண்ணெண்ணெய் என்னுடையது. விரலுக்குக் கண் உண்டு என்று சொன்ன வாயும் என்னுடையது.

ஞாபகம் இல்லை என்று சொன்னேன். ஜனவரி 24-ஆம் பக்கத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அந்தப் பிள்ளை கேட்டதும் இருக்கிறது, நான் விரட்டியதும் இருக்கிறது. எழுதும்போது அதைப் பெருமையாக வேறு எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. இவ்வளவு வருடமாக யார் யார் மேலோ பட்ட கோபத்தில் கால்வாசியை என் மேல் பட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்குக் கண் இருந்திருக்கும்.

உலகம்மாளிடம் சொன்னேன். என் பென்ஷனே பறிபோகலாம் என்றும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமல், "ஆத்தாக்காரி கருப்பட்டி காய்ச்சித்தான் அந்தப் பிள்ளய போலீசாக்கியிருக்கா. போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

10 மார்ச், திங்கள்

டி.எஸ்.பி. காஜா மைதீன் ஐயா அவர்களுக்கு.

நாற்பத்தேழாம் துப்பாக்கியின் வரலாற்றுத் தாள் என்று உங்களிடம் இருப்பது என் கையெழுத்துப் போட்ட பொய். உண்மையான தாள் இந்த டைரி. ஆர்.ஐ. தடுப்பார், அதனால் நேரே உங்கள் முகாம் அலுவலகத்தில் கொடுக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ரசீது வேண்டும். இந்தத் துறையில் எனக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை, என் மேலும் இல்லை. இருபத்தொன்பது, முப்பத்தைந்து, ஐம்பத்திரண்டு மூன்றையும் யாரும் தொடாதபடி தனியே கட்டி வைத்திருக்கிறேன்.

டைரியைத் திருப்பித் தர வேண்டாம். ஜனவரி 24-ஐ முதலில் பாருங்கள். எழுத்து கோட்டை விட்டு ஓடியிருக்கும். கண்ணாடி போடாமல் எழுதியது.